கணக்கீட்டில் கலாநிதி ஆய்வு: எமது கணக்கேடுகளை ஆராய்வது யார்?

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களை இனிச் செலுத்த இயலாது என இலங்கை அரசாங்கம் உலகுக்கு அறிவித்தது. அந்த அறிவிப்புக்கான காரணங்கள் பற்றி அரசியல்வாதிகளும் பொருளியலாளர்களும் பேசியவை ஏராளம். ஆனால், ஒரு கேள்வி மாத்திரம் போதியளவு கேட்கப்படவில்லை. பட்டயக் கணக்காளர்களுக்கான நிறுவகம் 1959ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நாடு இது. கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்களுக்கெனத் தனிச் சட்டம் 1995இல் இயற்றப்பட்ட நாடு இது. அரசியலமைப்பே கணக்காய்வாளர் நாயகம் என்ற பதவியை உருவாக்கியிருக்கும் நாடும் இதுவே. கணக்கெழுதத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருந்தும் ஒரு தேசம் எவ்வாறு வங்குரோத்து நிலையை அடைந்தது?

கணக்கு எழுதுவது வேறு, கணக்கை ஆராய்வது வேறு என்பதில்தான் இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அடங்கியிருக்கின்றது. முதலாவதைச் செய்வதற்கு நாம் ஆயிரக்கணக்கானோரைப் பயிற்றுவித்துள்ளோம். இரண்டாவதைச் செய்ய வேண்டிய இடம் பல்கலைக்கழகம். அதன் உயர்ந்த படி கலாநிதிப் பட்ட ஆய்வு. அந்த ஆய்வு இன்று எமது பல்கலைக்கழகங்களில், விசேடமாக வடக்கு, கிழக்குப் பல்கலைக்கழகங்களில், எதை நோக்கிச் செல்கின்றது என்பதைப் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டதாக நாம் கருதுகின்றோம்.

கடந்த காலத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 1980களின் இறுதியில் நிதிக் கம்பனிகள் பல சரிந்து வைப்பாளர்கள் வீதிக்கு வந்த அனுபவமே 1995ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னணியாக அமைந்தது. சட்டம் வந்த பின்னரும் சரிவுகள் நிற்கவில்லை. 2002இல் பிரமுக வங்கி வீழ்ந்தது. 2008இன் இறுதியில், மத்திய வங்கியில் பதிவு பெறாமலே மக்களிடம் வைப்புப் பெற்ற கோல்டன் கீ நிறுவனம் வீழ்ந்தது. 2020இலும் சரிந்த நிதி நிறுவனங்கள் மீது மத்திய வங்கி நடவடிக்கை எடுத்தது. ஒவ்வொரு தடவையும் ஓய்வூதியப் பணத்தை வைப்பிலிட்ட முதியவர்கள் வாயில்களில் காத்திருந்தனர். ஒவ்வொரு தடவையும் விசாரணைகள் நடந்தன, விதிகள் திருத்தப்பட்டன. ஆனால், வீழ்வதற்கு முந்திய ஆண்டுகளின் கணக்குகள் எதைச் சொல்லின, எதை மறைத்தன, வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அவை எச்சரிக்கை விடுத்தனவா என்ற கேள்விகளை எடுத்து, ஆண்டுக்கணக்கில் பொறுமையாக ஆராய்ந்து, விடையைப் பொதுமக்கள் முன் வைக்கும் மரபு எம்மிடம் வேரூன்றவில்லை. 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட அறிக்கையே இந்நாட்டின் ஆட்சிமுறையிலும் பொது நிதி நிர்வாகத்திலும் ஊழலுக்கு இடமளிக்கும் பலவீனங்களை ஒழுங்காகப் பட்டியலிட்டுக் காட்டியது. எமது வீட்டின் ஓட்டையைச் சுட்டிக்காட்ட வெளியிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது என்பது வெட்கத்துக்குரிய விடயமாகும்.

கணக்கீட்டில் கலாநிதிப் பட்டம் என்றதும், பட்டயக் கணக்காளர் பரீட்சையைவிடக் கடினமான இன்னொரு பரீட்சை எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணமாகும். தொழில்சார் தகைமை ஒருவருக்கு விதிகளைக் கற்பித்து, அவற்றைப் பிழையின்றிப் பிரயோகிக்கப் பழக்குகின்றது. ஆய்வு அந்த விதியையே கேள்விக்குட்படுத்துகின்றது. இது ஏன் இவ்வாறு அமைந்தது, இதனால் யாருக்கு நன்மை, எது கணக்கில் ஏறுகின்றது, எது ஏறாமலே போகின்றது என்பனவே அதன் வினாக்கள்.

இத்துறைக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. பிற்காலத்தில் கணக்கீட்டுக் கல்வியின் முன்னோடியாகக் கொள்ளப்பட்ட ஹென்றி ராண்ட் ஹற்ஃபீல்ட் 1897இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1968இல் ரே போல், பிலிப் பிரவுண் என்ற இரு அவுஸ்திரேலியர்கள், கம்பனிகளின் இலாபச் செய்தியின் பெரும் பகுதியை ஆண்டறிக்கை வெளிவருவதற்கு முன்னரே பங்குச் சந்தை உள்வாங்கிவிடுகின்றது என்பதைப் புள்ளிவிபரங்களால் எடுத்துக் காட்டினர். அதன் பின்னர், பெருந்தொகையான பங்குச் சந்தைத் தரவுகளைக் கொண்டு செய்யப்படும் ஆய்வே ஒரு பெரும் பாதையாயிற்று. 1976இல் பிரித்தானியாவில் அந்தனி ஹொப்வூட் தொடக்கிய ஆய்விதழ் மற்றொரு பாதையைத் திறந்தது. கணக்கு என்பது வெறும் இலக்கம் அன்று, நிறுவனங்களுக்குள்ளும் சமூகத்திலும் அதிகாரத்தைப் பங்கிடும் கருவி என்ற நோக்கில் அமைந்த பாதை அது.

இவ்விரண்டு பாதைகளில் எம்மவர் பெரும்பாலும் முதலாவதையே தெரிவு செய்கின்றனர். அதுவும், அதன் கடினமான பகுதியை விட்டு இலகுவான பகுதியையே நாடுகின்றனர். கொழும்புப் பங்குச் சந்தையில் நிரற்படுத்தப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைத் திரட்டுவது, பணிப்பாளர் சபையின் பருமனுக்கும் இலாபத்துக்கும் தொடர்பு உண்டா எனக் கணினி மென்பொருளில் இட்டுப் பார்ப்பது, உண்டு அல்லது இல்லை என முடிப்பது என்ற வார்ப்பில் வெளிவந்த கட்டுரைகளை எண்ணி முடியாது. கம்பனிகளும் ஆண்டுகளும் மாறுகின்றன, கேள்வி மாறுவதில்லை. அத்தகைய ஆய்வு பிழையானது என நாம் கூற வரவில்லை. ஆனால் எல்லோரும் அதையே செய்தால் எஞ்சியவற்றை யார் செய்வது என்றே கேட்கின்றோம்.

இதற்காக விரிவுரையாளர்களை மாத்திரம் குறைகூறுவது நியாயமாகாது. தகுதிகாண் விரிவுரையாளராகச் சேரும் ஒருவர் குறித்த காலத்துக்குள் பட்டப்பின் தகைமையைப் பெற்றாக வேண்டும். பதவியுயர்வு ஆய்வுக் கட்டுரைகளுக்கு வழங்கப்படும் புள்ளிகளில் தங்கியுள்ளது. வாரம் முழுவதும் விரிவுரை, விடைத்தாள் திருத்தம், பீடத்தின் நிர்வாகக் கடமைகள் என்பவற்றுக்கு மத்தியில் பகுதிநேரமாகவே பலர் ஆய்வு செய்கின்றனர். 2022இன் பின்னர் ஏராளமான கல்வியாளர்கள் நாட்டை விட்டு வெளியேறியதால் எஞ்சியவர்களின் சுமை மேலும் கூடியது. மேற்பார்வை செய்யத் தகுதியுள்ள மூத்தவர்கள் குறைவு. பட்டயக் கணக்காளர் தகைமை பெற்ற சகபாடி தனியார் துறையில் உழைக்கும் சம்பளத்துடன் ஒப்பிட்டால், ஆய்வை நாடும் இளைஞர் வீட்டில் ஏச்சு வாங்குவதும் இயல்பே. இந்த நெருக்கடிக்குள், இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆண்டறிக்கையை விட்டு, பிரதேச சபையின் கோப்புக் கட்டுகளைத் தேடிச் செல்லுமாறு ஒருவரிடம் எவ்வாறு கூறுவது? ஆயினும், கூறியே ஆக வேண்டும். ஏனெனில் எமது மக்களின் வாழ்வை நிர்ணயிக்கும் கணக்குகள் பங்குச் சந்தையில் இல்லை.

மலையகத்தை எடுத்துக்கொள்வோம். பெருந்தோட்ட மக்களின் வரலாறே ஒரு கணக்கேட்டின் வரலாறு எனலாம். இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி, கப்பற் செலவும் வழிச் செலவும் முன்பணமும் தன் பெயரில் கடனாக எழுதப்பட்ட நிலையிலேயே தோட்டத்துக்குள் கால் வைத்தார். ஒரு கங்காணியின் கீழுள்ள ஆட்களின் கடனை இன்ன தொகை செலுத்தித் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. மனிதர்களின் நடமாட்டத்தை ஒரு கடன் சீட்டு தீர்மானித்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கொழுந்தின் நிறையும் பெயர் போடுதலும் இன்றும் அம்மக்களின் அன்றாடச் சொற்களாகவே உள்ளன. 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோதும், 2024இல் சம்பள உயர்வு அறிவிக்கப்பட்டபோதும், உற்பத்திச் செலவு தாங்காது எனக் கூறிக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவு எவ்வாறு கணிக்கப்படுகின்றது? முகாமைக் கட்டணம் எங்கே சேர்கின்றது? தேயிலைச் செடியின் பெறுமதி எவ்வாறு மதிப்பிடப்படுகின்றது? தொழிற்சங்கத்தின் பக்கம் அமர்ந்து இக்கேள்விகளை ஆதாரத்துடன் கேட்கக்கூடிய ஆய்வாளர் ஒருவரேனும் இருந்திருந்தால், அந்தப் பேச்சுவார்த்தை மேசைகளின் நிலை வேறாக இருந்திருக்கும்.

இவ்வாறான ஆய்வு சாத்தியமற்றது என எவரும் கூற முடியாது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய இலங்கையரான சந்தன அலவத்தகே, தந்துரே விக்கிரமசிங்க ஆகியோர் இந்நாட்டின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களும் கணக்கும் பற்றி எழுதிய ஆய்வு 2009இல் உலகின் முன்னணிக் கணக்கீட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. அதே ஆண்டில் அதே இதழில், தென்னிலங்கை மீனவக் கிராமம் ஒன்றில் எழுத்தறிவு குன்றிய மக்கள் பேணிவரும் கணக்கு முறை பற்றி கெலும் ஜயசிங்க இன்னொருவருடன் இணைந்து எழுதிய கட்டுரையும் வெளிவந்தது. உள்ளூர் விடயத்தைச் சர்வதேச இதழ்கள் ஏற்காது என்ற வாதத்துக்கு இவை போதுமான பதிலாகும். உள்ளூர் விடயம் என்பதனால் அல்ல, மேலோட்டமான ஆய்வு என்பதனாலேயே கட்டுரைகள் திருப்பி அனுப்பப்படுகின்றன. தெற்கின் மீனவக் கிராமத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் முல்லைத்தீவின் கரைவலைச் சம்மாட்டிக்கும், கற்பிட்டி, கல்முனை மீனவர்களுக்கும் கிடைக்கக் கூடாதா?

வடக்கு, கிழக்கில் போர் முடிந்த பின்னர் பெருகிய நுண்நிதிக் கடன்கள் மற்றொரு களம். கணவனை இழந்த பெண்கள் ஒரு கடனை அடைக்க மறு கடன் பெற்று, வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பாளருக்கு அஞ்சி வாழ்ந்த கதைகளை எமது வாசகர்கள் அறிவர். நுண்நிதிக்கெனத் தனிச் சட்டம் 2016இல் வந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் 2018இல் அறிவித்தது. அந்தக் கடன்களின் உண்மையான வட்டி எவ்வளவு, கட்டணம் என்றும் காப்புறுதி என்றும் எவ்வளவு கழிக்கப்பட்டது, கடன் அட்டையில் இருந்ததும் நிறுவனத்தின் பேரேட்டில் இருந்ததும் ஒன்றுதானா என்பன கணக்கீட்டு ஆய்வாளர் மாத்திரமே முறையாகத் தொடக்கூடிய வினாக்கள். வடமாகாணத்தின் பழைமையான கூட்டுறவுச் சங்கங்கள் சில நிமிர்ந்து நிற்கவும் பல படுத்துவிடவும் காரணம் என்ன என்பதும் அத்தகைய வினாவே.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எமது கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையின் பின்னர் உலகம் அள்ளிக் கொடுத்தது. அந்த நிவாரணப் பணிகளின் குறைபாடுகளைக் கணக்காய்வாளர் நாயகம் மறு ஆண்டிலேயே அறிக்கையாகச் சுட்டிக்காட்டினார். அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் கிராமங்களுக்கும், மட்டக்களப்பு, முல்லைத்தீவின் தமிழ்க் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது எவ்வளவு, இடையில் நின்றது எவ்வளவு என்ற வினா இரு சமூகங்களுக்கும் பொதுவானது. இருபது ஆண்டுகள் கடந்த நிலையில் சாட்சிகள் முதுமையடைகின்றனர், கோப்புகள் செல்லரிக்கின்றன. இப்பொழுது எழுதாவிட்டால் பிறகு எழுத இயலாது.

முஸ்லிம் சமூகத்தைப் பொறுத்தவரை இன்னும் விசேடமான ஒரு தேவை உண்டு. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதன் மூலம் இலங்கையில் வட்டியற்ற வங்கிமுறைக்கு இடம் கிடைத்தது. 2011இல் அமானா வங்கி முழுமையான வங்கியாகச் செயற்படத் தொடங்கியது. இலாபப் பங்கீட்டை அடிப்படையாகக் கொண்ட உடன்படிக்கைகளை, வட்டியை அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்ட சர்வதேச நியமங்களுக்குள் எவ்வாறு பதிவது என்பது உலகெங்கும் விவாதிக்கப்படும் கேள்வி. இதற்கெனவே 1991இல் பஹ்ரைனைத் தளமாகக் கொண்ட தனி நியம அமைப்பு ஒன்று உருவாயிற்று. ஸகாத் நிதியின் சேகரிப்பும் பகிர்வும், வக்பு சொத்துகளின் வருமானமும் எவ்வாறு கணக்கு வைக்கப்பட வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. முகாமைத்துவ பீடத்தையும் இஸ்லாமியக் கற்கைகள் பீடத்தையும் ஒரே வளாகத்தில் கொண்டுள்ள ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைவிட இவ்வாய்வுக்குப் பொருத்தமான இடம் வேறெது? எமது ஆலயங்களின் நிர்வாகச் சண்டைகள் எத்தனை வழக்குகளாக நீதிமன்றங்களில் கிடக்கின்றன என்பதை நினைத்தால், இத்தேவை ஒரு சமூகத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதும் புலனாகும். இறைவனின் சொத்துக்கு மனிதன் ஏன் கணக்குக் காட்ட வேண்டும் எனக் கேட்பவர்கள் இரு பக்கத்திலும் உண்டு. இறைவனுடையது என்பதனாலேயே இன்னும் துல்லியமாகக் காட்ட வேண்டும் என்பதே எமது பதில்.

தரவு கிடைக்காது என்ற முறைப்பாட்டில் உண்மை இருக்கின்றது. எனினும் நிலைமை முன்னரைப் போன்றதன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தவொரு பிரசையும் அரச நிறுவனம் ஒன்றிடம் தகவல் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் அதன் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு ஆணைக்குழு உண்டு. 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம் கணக்காய்வாளர் நாயகத்தின் அதிகாரங்களை விரிவாக்கியது. அவரது அறிக்கைகள் தமிழிலும் வெளியாகின்றன. 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் உள்ளூராட்சி மன்றங்கள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்துள்ளன. அந்த மன்றங்களின் வரவு, செலவு, நிலுவை, கணக்காய்வு வினாக்கள், அவற்றுக்கான பதில்கள் ஆகியவற்றைப் பத்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து ஒப்பிட்டு ஆராயும் ஒருவருக்குக் கலாநிதிப் பட்டத்துக்குத் தேவையானதை விடவும் அதிகமான தரவு காத்திருக்கின்றது.

மொழி பற்றியும் கூறாமல் விட முடியாது. க.பொ.த. உயர்தரத்தில் கணக்கீட்டைத் தமிழில் கற்ற மாணவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறுகின்றார். ஆய்வேடும் ஆங்கிலத்திலேயே அமைகின்றது. உலக அறிவுலகில் இடம்பெற அது அவசியமே. ஆனால், எமது மக்களைப் பற்றிய ஆய்வு எமது மக்களுக்கு எட்டாத மொழியில், பணம் செலுத்தியே திறக்கக்கூடிய இதழில் பூட்டப்பட்டுக் கிடப்பது என்ன நியாயம்? தோட்டத் தொழிலாளியிடம் பேட்டி கண்டு பட்டம் பெற்றவர், கண்டறிந்ததை அத்தொழிலாளிக்குத் திருப்பிச் சொல்லாவிட்டால் அதுவும் தீர்க்கப்படாத கடனே.

ஆகவே, நாம் சில விடயங்களை வலியுறுத்த விரும்புகின்றோம். ஆய்வில் ஈடுபடும் விரிவுரையாளர்களின் கற்பித்தற் சுமையைக் குறைத்து, முழுநேர ஆய்வுக்குப் போதுமான கொடுப்பனவு வழங்க பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முன்வர வேண்டும். பதவியுயர்வின்போது கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு வழங்கும் இடத்தை, ஆய்வின் ஆழத்துக்கும் பொதுப் பயனுக்கும் வழங்க வேண்டும். வெளிநாடுகளில் பணியாற்றும் எமது பேராசிரியர்களை இணை மேற்பார்வையாளர்களாக இணைத்துக்கொள்ள வேண்டும். நாடு திரும்புவது அவர்களுக்கு இயலாதிருக்கலாம், மாதம் இரு தடவை இணையவழியில் ஒரு மாணவரை வழிநடத்த இயலாதிருக்காது. யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே திண்டாடாமல் ஆய்வு முறையியல் வகுப்புகளையேனும் கூட்டாக நடத்தலாம். ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் விரிவான தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கட்டாயமாக்கி, பொது நூலகங்களுக்கு அனுப்பி வைக்கலாம். இவற்றுள் இறுதி இரண்டுக்கும் பெரும் நிதி தேவையில்லை, மனம் இருந்தால் போதும்.

இத்துறையில் கால் வைக்க எண்ணும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கலாநிதி என்ற அடைமொழி பெயருக்கு முன்னால் வாழ்நாள் முழுவதும் நிற்கும். அதற்காக நீங்கள் கேட்ட கேள்வியும் அவ்வாறே நிற்கும். எவருக்கும் தேவைப்படாத ஒரு கேள்விக்கு இளமையின் நான்கைந்து ஆண்டுகளைச் செலவிடுவதிலும் பார்க்க, கடினமாயினும் உங்கள் ஊர் விடை காத்திருக்கும் கேள்வி ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தலைப்பைத் தெரிவு செய்வதற்கு முன்னர் ஒரு தோட்ட அலுவலகத்தையோ, ஒரு கூட்டுறவுச் சங்கத்தையோ, ஒரு பிரதேச சபையையோ சென்று பாருங்கள். புள்ளிவிபர மென்பொருளைப் பின்னர் கற்றுக்கொள்ளலாம்.

கடன் வாங்கியவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில் எமது சமூகங்கள் என்றும் கண்டிப்பானவை. அந்தக் கண்டிப்பை வறியவரிடம் மாத்திரம் காட்டிவிட்டு, அதிகாரமும் பெரும் பணமும் உள்ள இடங்களில் கண்ணை மூடிக்கொண்டதன் விலையை 2022இல் எரிபொருள் வரிசைகளிலும் மருந்தகங்களிலும் நாம் அனைவரும் செலுத்தினோம். அடுத்த சரிவு வருமுன் அதன் அடையாளங்களைக் கணக்கேடுகளில் வாசித்துச் சொல்லக்கூடிய ஒரு தலைமுறையை உருவாக்குவது பல்கலைக்கழகங்களின் பொறுப்பு. அதைச் செய்கின்றனவா என அவற்றிடமும் கணக்குக் கேட்பது மக்களின் உரிமை.